பம்ப்காரன் பட்ட கடன்

ஜெயரட்ணம் தன் மகள் நிலாணிக்கு ஆறாயிரம் டொலர் கடன். ஊர் கூட்டிப் பேசுகிற வாய் அவருடையது. அந்த வாய் இந்த ஒன்றை மட்டும் கடன் என்று சொல்லாமல் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டது.

பேசுகிறதுக்கு அவரிடம் விஷயம் இல்லாமலும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடப் படலையைச் சாத்திவிட்டு வந்த மனிதர். உரும்பிராய்த் தோட்டங்களில் மற்றவன் வெங்காயத்துக்கு வாடகைக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு திரிந்தவர். ரொறன்ரோவுக்கு வந்து கோப்பை கழுவினார், பனி வழித்தார். பிறகு படித்தவன் எவனுக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்தார். ஸ்காபரோவில் பாதி வீடுகளில் நிலத்துக்குக் கீழுள்ள பேஸ்மென்றில் மழைக்குத் தண்ணீர் ஊறும். மூலையில் ஒரு குழி இருக்கும், குழிக்குள் ஒரு பம்ப் இருக்கும், அந்தப் பம்ப் பெரிய மழை பெய்கிற அன்றைக்குப் பார்த்துத்தான் செத்துப்போகும். அப்படிச் செத்த பம்புகளைக் கழற்றிப் பூட்டியே மனிதர் வோபர்னில் ஒன்று, மோர்னிங்சைட்டில் இரண்டு என்று மூன்று வீடு வாங்கினார். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு மூன்று வீடு என்றால் அது வாயால் வடை சுடுகிற வேலையல்ல.

"ஒருத்தரிட்டையும் அஞ்சு சதம் கைநீட்டி வாங்காமல் எழும்பினவன் நான்" என்பார் கலியாண வீடுகளில். சொல்லும்போது வலது கையை விரித்து, உள்ளங்கை வெறுமையாய் இருப்பதைக் காட்டுவார்.

அந்த உள்ளங்கையில்தான் நிலாணியின் சாமத்திய வீட்டுக் காசு ஏறி இறங்கியது. பிள்ளை பெரியவளானபோது மண்டபம் எடுத்து, பல்லக்கில் தூக்கி, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டுச் செய்த கொண்டாட்டம். வந்தவர்கள் கொடுத்த என்வலப்புகளை அன்றிரவு கட்டிலில் கொட்டி, மனைவி ரதி உடைத்துக் கொடுக்க, ஜெயரட்ணம் எண்ணினார்.

"லாபம். ரெண்டு. மூண்டு."

நெல் அளக்கிறவர்கள் முதல் அளவை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். ஜெயரட்ணம் நெல் அளந்தவரல்ல. ஆனாலும் எந்தக் காசை எண்ணினாலும் அப்படித்தான். மண்டபச் செலவு, சாப்பாட்டுச் செலவு போக ஆறாயிரம் மிச்சம் நின்றது.

"உது பிள்ளைக்கு வந்த காசு. அவளின்ர பேரில போடுங்கோ" என்றாள் ரதி.

"எங்கை போகப்போகுது? அவள் படிக்கேக்க குடுக்கிறன். என்ர கையில இருந்தா என்ன, பாங்கில இருந்தா என்ன?"

பட்டுப் பாவாடையோடு கதவடியில் நின்ற நிலாணி சிரித்துக்கொண்டே, "அப்பா, ப்ரொமிஸ்?" என்று கேட்டாள்.

"சத்தியம்."

அடுத்த கிழமை வாசலில் ஒரு வெள்ளை வான் நின்றது. பழைய வான்தான், ஆனால் பக்கத்தில் 'ஜெயா பம்ப் சேர்விஸ்' என்று நீலத்தில் எழுதியிருந்தது. அந்த வானில்தான் அவர் கூலிக்காரன் என்ற பெயரை இறக்கி வைத்துவிட்டு முதலாளி என்ற பெயரை ஏற்றிக்கொண்டார்.

நிலாணி வளர்ந்து நேர்ஸ் படித்தாள். "உது முதல் படி. இனி அவள் டொக்டர்" என்று ஜெயரட்ணம் ஊருக்கெல்லாம் சொல்லிவைத்தார். இரண்டு வருடம் வேலை பார்த்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு புதுக் கதை தொடங்கினாள். ரதியின் தம்பி இரத்தினவேலும் அன்று சாப்பிட வந்திருந்தான். அவன் அத்தானுக்கு ஒத்து ஊதியே வயிறு வளர்த்தவன்.

"அப்பா, எனக்குப் பெர்ஃபியூஷன் படிக்க சீற் கிடைச்சிருக்கு. ஹார்ட் ஒப்பரேசன் நடக்கேக்க ஹார்ட்டை நிப்பாட்டுவினம். அந்த நேரம் ரத்தத்தை வெளியில எடுத்து, ஒக்சிஜின் குடுத்து, திரும்ப உடம்புக்கு அனுப்புற மெசின் ஒண்டு இருக்கு. அதை ஓட்டுற வேலை."

"டொக்டருக்கு எப்ப படிக்கப் போறாய்?"

"டொக்டர் வேண்டாம் அப்பா. எனக்கு இதுதான் விருப்பம். இந்த மெசின் வந்த கதை தெரியுமோ? அமெரிக்காவில ஒரு டொக்டரும் மனுசியும் இருபது வருசத்துக்குக் கிட்ட மினக்கெட்டுச் செய்தவை. முதல்ல பூனையில செய்து பாக்கிறதுக்கு, அந்த டொக்டர் சாக்கும் மீன்துண்டும் கொண்டு தெரு வழிய திரிஞ்சு பூனை பிடிச்சவர்."

"பூனை பிடிகாரனோ!" என்று இரத்தினவேல் சோற்றுக் கையோடு சிரித்தான்.

"மாமா, கேளுங்கோவன். இந்த ரொறன்ரோவிலயே அந்தக் காலம் ஒரு டொக்டர் குரங்கின்ர நுரையீரலைக் கழுவி எடுத்து, அதுக்குள்ளால சின்னப் பிள்ளையளின்ர ரத்தத்தை விட்டுப் பாத்தவர்."

"பூனை முடிஞ்சுது, குரங்கு வந்திட்டுது. அத்தான், மருமகள் ஆசுப்பத்திரிக்கோ போறாள், மிருகக்காட்சிச் சாலைக்கோ?"

ஜெயரட்ணமும் சிரித்தார். நிலாணி சிரிக்கவில்லை. அவள் தகப்பனைப் பார்த்தே பேசினாள்.

"இன்னொரு இடத்தில மெசினே இல்லாமல், தகப்பனைப் பக்கத்தில படுக்கவச்சு..."

"நிப்பாட்டு பிள்ளை." ஜெயரட்ணம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "எனக்கு ஒண்டு சொல்லு. உந்த மெசின் பம்ப்தானே?"

"ஓம். பம்ப்தான். நாங்களும் பம்ப் எண்டுதான் சொல்லுறது."

"நானும் பம்ப்காரன், நீயும் பம்ப்காரியோ? அதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?"

சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே மார்தட்டுகிற மனிதருக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. மூன்று வீடு வாங்கியும் சனம் அவரைப் 'பம்ப் ஜெயம்' என்றுதான் சொன்னது. மகள் டொக்டரானால் 'டொக்டரின்ர தகப்பன்' ஆகலாம் என்று இருந்தவர். அவள் அந்தப் பம்பையே தூக்கித் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

"சீற்றுக்கு டெப்பொசிற்றும் முதல் ஃபீஸும் கட்டவேணும் அப்பா. அந்தச் சாமத்திய வீட்டுக் காசைத் தாங்கோ."

"அது டொக்டர் படிப்புக்கு எண்டு வச்ச காசு. பம்ப் ஓட்டுறதுக்கு என்ர கையால ஒரு சதம் வராது."

"அது என்ர காசு அப்பா. நீங்கள் எனக்குக் கடன்."

"கடனோ? பெத்து வளத்தவன் உனக்குக் கடன்காரனோ?"

கை ஓங்கவில்லை, அவ்வளவுதான். கட்டவேண்டிய நாள் கடந்து, அந்த சீற் வேறொருவருக்குப் போனது. அந்தப் படிப்புக்கு எடுக்கிறதே கொஞ்சப் பேரைத்தான். அடுத்த வருடமும் கிடைக்கவில்லை. மூன்றாம் வருடந்தான் மறுபடி கிடைத்தது. அதற்குள் அவள் ஒஷாவாவில் ஒரு அறை எடுத்துப் போய், ஓவர்ரைம் செய்து தன் காசிலேயே படித்தாள், வேலையும் எடுத்தாள். அவருடைய வான் வாசலில் நிற்கிற நேரம் அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டாள். வீட்டுக்குப் போன் அடித்தால், ஜெயரட்ணம் தூக்கினாரென்றால் அவருக்கு அவள் சொல்வது ஒரே ஒரு வசனம்.

"அம்மா நிக்கிறாவோ?"

அந்த வசனத்துக்கு அவர் பதில் சொல்லிச் சொல்லி வருடங்கள் போயின. சில நாள் ரதி பக்கத்திலேயே இருப்பாள். அவர் "பொறு, கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்தபடி நிற்பார். மறுபக்கத்தில் மகள் மூச்சு விடுகிற சத்தமாவது கேட்கட்டும் என்று.

இந்த வசந்தத்தில் மழை ஒரு கிழமை விடாமல் பெய்தது. மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டு பேஸ்மென்றில் கணுக்கால் தண்ணீரில் நின்று பழைய பம்பைத் தூக்கியபோது, ஜெயரட்ணத்தின் நெஞ்சுக்குள் யாரோ முழங்கால் வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. பம்பைக் கீழே போட்டுவிட்டுப் படியில் குந்தினார். வீட்டுக்காரப் பெடியன் அம்புலன்சுக்கு அடித்தான். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். மூன்று இரத்தக் குழாய் அடைப்பு. நெஞ்சைத் திறக்கவேண்டும்.

அது நிலாணி வேலை செய்கிற ஆஸ்பத்திரி. ரதி அழைத்ததும் அவள் நீல உடுப்போடு, தலைமயிரைத் தொப்பிக்குள் செருகியபடி வந்து கட்டில் காலடியில் நின்றாள். காதோரம் ஒன்றிரண்டு நரை தெரிந்தது. தன் பிள்ளைக்கு நரை விழுந்ததை ஜெயரட்ணம் அன்றுதான் பார்த்தார்.

"டொக்டர் சொன்னது விளங்கினதோ?" என்று கேட்டாள். 'அப்பா' என்று சொல்லவில்லை.

"ஹார்ட்டை நிப்பாட்டுவினமாம். நிப்பாட்டினா நான் செத்துப்போவன் எல்லோ?"

"ஓடிக்கொண்டிருக்கிற பம்பைக் கழட்டித் திருத்துவியளோ?"

"அதெப்படி? நிப்பாட்டித்தான் திருத்தவேணும்."

"நிப்பாட்டினா பேஸ்மென்றில தண்ணி ஏறுமே. என்ன செய்வியள்?"

"வேற பம்ப் ஒண்டைக் குழிக்குள்ள இறக்கி ஓடவிட்டிட்டு..."

ஜெயரட்ணம் பாதியில் நின்றார். மழை நாளில் வாடிக்கையாளர் வீட்டில் அவர் எத்தனையோ முறை செய்த வேலை அது. நல்ல பம்ப் ஒன்றைக் கொண்டுபோய்த் தண்ணீரை ஓடவைத்துவிட்டு, பழுதானதை ஆறுதலாகக் கழற்றித் திருத்துவது. உலகமெல்லாம் கும்பிடுகிற பெரிய டொக்டர்மார் இருபது வருடம் தலையை உடைத்துக் கண்டுபிடித்ததும் அதைத்தானா? இதைத்தானா இந்தப் பிள்ளை அன்று சோற்று மேசையில் சொல்ல வந்தது?

"காத்துப் பிடிக்காதோ?" என்றார் மெல்ல. இறைப்பு மெசினில் குழாய்க்குள் காற்று நின்றால் தண்ணீர் ஏறாது. முதலில் குழாயை நிரப்பிக் காற்றை வெளியே தள்ளவேண்டும்.

நிலாணி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அதுதான் எங்கட முதல் வேலை. லைன் முழுக்கத் திரவம் நிரப்பி, ஒரு குமிழி இல்லாமல் தட்டித் தட்டி எடுப்பம். தண்ணிப் பம்பில காத்துப் பிடிச்சா பம்ப்தான் நிக்கும். இதில ஆள் போயிடும்."

"நீ தட்டுவியோ?"

"ஒவ்வொரு நாளும்."

அவர் கூரையைப் பார்த்தார். ரதி கதிரையில் இருந்தபடி சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு ஒரு தகப்பன் எண்டு ஏதோ சொல்ல வெளிக்கிட்டனி. நான் விடேல்லை."

"இப்ப என்னத்துக்கு அது?"

"சொல்லு பிள்ளை."

நிலாணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பிள்ளைக்கு நெஞ்சில ஓட்டை. அந்த நேரம் அங்கை நம்பக்கூடிய மெசின் இல்லை. தகப்பனைப் பக்கத்து மேசையில படுக்கவச்சு, ரெண்டு பேரின்ர ரத்தக் குழாயையும் பொருத்திச்சினம். தகப்பன்ர நெஞ்சும் நுரையீரலும்தான் பிள்ளைக்கும் சேத்து வேலை செய்தது. இடையில ஓடினது பால் தொழிற்சாலையளில பாவிக்கிற மாதிரி ஒரு பம்ப்."

"பால் பம்போ?"

"ஓம். உங்கட பம்ப் மாதிரித்தான்."

"தகப்பனுக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?"

"அவர் தப்பிட்டார். தனக்கும் உயிர் போகலாம் எண்டு தெரிஞ்சுதான் படுத்தவர்."

"பிள்ளை?"

"ஒப்பரேசன் சரிவந்தது. பிறகு சளி பிடிச்சு, கொஞ்ச நாளில செத்துப்போச்சு. ஆனா அதுக்குப் பிறகு எத்தினையோ பிள்ளையள் அப்படித் தப்பினது. மெசின் செய்த அந்தப் பூனை டொக்டருக்கும் அப்படித்தான். ஒரு பிள்ளை தப்பினது, அடுத்ததுகள் செத்துப்போக, மனம் விட்டு நிப்பாட்டிட்டார். அந்தக் கதையளைக் கேட்டுத்தான் நான் இதுக்கு வந்தனான். அந்தத் தகப்பன்ர கதையைச் சொன்னா நீங்கள் விளங்குவியள் எண்டு நினைச்சன்."

எங்கேயோ ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் தன் இரத்தத்தையே பிள்ளைக்குத் திறந்துவிட்டுப் படுத்திருந்தான். இங்கே ஒரு தகப்பன் பிள்ளையின் காசில் வான் வாங்கிவிட்டு, அதைத் திருப்பிக் கேட்டவளைப் பம்ப்காரி என்று பழித்தான். பழித்த பம்ப்தான் நாளைக்கு அவரைச் சுமக்கப்போகிறது.

அவர் தலையணைக்குக் கீழே கையை விட்டு ஒரு என்வலப்பை எடுத்தார். காலையில் ரதியை வங்கிக்கு அனுப்பி எடுப்பித்தது.

"பிள்ளை, இந்தா. உனக்கெண்டு வச்சிருந்த காசு."

நிலாணி கையை நீட்டவில்லை. "வச்சிருந்ததோ?"

"உனக்குத் தரத்தானே... நான் பட்ட பாட்டில... ஒரு சந்தோசத்துக்கு..."

"சந்தோசத்துக்குத் தாற காசு எனக்கு வேண்டாம் அப்பா. அது கடன். கடன் எண்டு சொல்லித் தந்தா வாங்குறன்."

ரதி, "இந்த நேரத்தில என்ன பிள்ளை உது?" என்றாள்.

"இந்த நேரத்தில இல்லாட்டி எந்த நேரம் அம்மா?"

ஜெயரட்ணம் வாயைத் திறந்தார். இரண்டே எழுத்துச் சொல், மெய்யெழுத்தையும் சேர்த்தால் மூன்று. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால், ஒருவரிடமும் கைநீட்டாதவன் என்று கட்டிய மாளிகையின் அத்திவாரக் கல்லை உருவியதாகிவிடும். சொல்லவில்லை. என்வலப் கையிலேயே இருந்தது.

"நாளைக்கு நீயோ இறைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார்.

"சொந்த ஆக்களுக்கு நாங்கள் செய்யிறேல்லை. வேரோனிக்கா எண்டு என்னோட வேலை செய்யிறவ. எனக்குப் பழக்கினதே அவதான். காத்து வராது, பயப்படாதேங்கோ."

போகும்போது போர்வையைக் காலடியில் இழுத்துச் செருகிவிட்டுப் போனாள். ஜெயரட்ணம் அந்தக் காலை அசைக்காமலே படுத்திருந்தார். ஆறாயிரத்தை எந்த வங்கியிலும் எடுக்கலாம். அவள் சீற் இல்லாமல் காத்திருந்த இரண்டு வருடத்தை எந்த வங்கியில் எடுப்பது? சொல்லாமலே போய்விட்டால் அந்தச் சொல்லை யார் எடுத்துக் கொடுப்பது?

போகவில்லை. மெசின் அவரைச் சுமந்தது, திருத்தினார்கள், மறுபடி இதயம் தானாக ஓடத் தொடங்கியது. வீட்டுக்கு வந்தபோது நெஞ்சு நடுவில் நீளத் தையல். இருமினால் பிளந்துவிடும்போல் இருக்கும், அதற்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரவேற்பறைச் சோபாவில் இருந்தார். பார்க்க வந்தவர்கள் அப்பிளும் ஹோர்லிக்சும் கொண்டுவந்து குவித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நிலாணி வந்தாள். ஜெயா பம்ப் சேர்விஸ் வான் வாசலில் நிற்கும்போதே வந்தாள். தகப்பனின் தையலைப் பார்த்து, இதயத்தில் பொருத்தவென்று காலில் இரத்தக் குழாய் எடுத்த இடம் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இரத்தினவேல் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் இரண்டு புது ஆட்களோடும் உள்ளே வந்தான். வந்தவர்களுக்கு அத்தானைப் புளுகிக் காட்டாவிட்டால் அவனுக்குத் தேத்தண்ணி இறங்காது.

"இதுதான் அத்தான். அஞ்சாம் வகுப்பு. மூண்டு வீடு. ஒருத்தரிட்டையும் அஞ்சு சதம் கைநீட்டி வாங்காமல்..."

"பொய்" என்றார் ஜெயரட்ணம்.

"என்ன அத்தான்?"

"உது பொய் எண்டு சொல்லுறன். வாங்கினனான்." தலையணையை இறுக்கிப் பிடித்தார். இருமல் வரவில்லை, ஆனாலும் பிடித்தார். "முதல் வான் வாங்கினது இவளின்ர காசில. சாமத்திய வீட்டுக் காசு. திருப்பிக் கேட்டவளுக்குக் குடுக்கேல்லை. கடன். நான் என்ர பிள்ளைக்குக் கடன்காரன்."

வந்தவர்கள் வாழைப்பழத்தைப் பார்த்தார்கள். இரத்தினவேல் ஒரு சிரிப்பைத் தொடங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் விழுங்கினான்.

"ரதி, அதை எடுத்தாரும்."

ரதி அலமாரியிலிருந்து அதே என்வலப்பைக் கொண்டுவந்தாள். நிலாணி தகப்பனின் காலை விட்டு நிமிர்ந்தாள்.

"அண்டைக்கு இந்தக் காசு எனக்கு எவ்வளவு தேவையெண்டு தெரியுமோ அப்பா? இண்டைக்குத் தேவையில்லை."

"தெரியும் பிள்ளை. பிந்திப்போனன்."

"ஓம். பிந்திட்டியள்." அவள் அதை மறைக்கவில்லை, மெழுகவும் இல்லை. பிறகு சோபா அருகே நிலத்தில் முழங்காலிட்டு, வலது கையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள். "எண்ணுங்கோ."

ஜெயரட்ணம் மண்ணிற நூறு டொலர்த் தாள்களை எடுத்தார். புதுப் பிளாஸ்ரிக் தாள்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பெருவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். வாய் பழக்கத்தில் 'லா' என்று தொடங்கி நின்றது.

"லாபம் எண்டெல்லோ சொல்லுவியள்?" என்றாள் நிலாணி.

"இதில ஒருத்தருக்கும் லாபமில்லை, பிள்ளை."

முதல் தாளை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒண்டு."

இரண்டு. மூன்று. அவர் அவசரப்படவில்லை. தையல் இழுத்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கி, விட்ட எண்ணிலிருந்து மறுபடி தொடங்கினார். கனம் ஏற ஏற நிலாணி இடது கையை வலது கைக்குக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் சவர்க்காரத்தில் கழுவிக் கழுவி வறண்டுபோன கை. அந்தக் கை மூடவில்லை. கடைசித் தாளை அவர் இரண்டு விரலால் தடவி, அதோடு இன்னொன்று ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்து, மேலே வைத்தார்.

"அறுபது."